பழைய அமெரிக்க ரயிலை டிரைவரால் தனியாக நிறுத்த முடியாதா?

முடியாது. 1830-களில் தொடங்கி 1870 வாக்கில் வரை டிரைவர் கையில் இருந்தது நீராவியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல், எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டும் நெம்புகோல், அப்புறம் விசில். பெட்டிகளின் பிரேக் அவரிடம் இல்லை. அவர் விசில் ஊதினால், பிரேக்மேன் எனப்படும் தொழிலாளிகள் சரக்குப் பெட்டிகளின் கூரைமேல் ஓடி, ஒவ்வொரு பெட்டியின் மேலும் இருந்த பிரேக் சக்கரத்தைக் கையால் திருகுவார்கள். மழையிலும் பனியிலும் அதே வேலைதான். வழுக்கி விழுந்து செத்தவர்கள் ஏராளம்.

எஞ்சினை மட்டும் வைத்து ரயிலை நிறுத்த முடியாததற்குக் காரணம் பாரம். இறக்கத்தில் போகும் மாட்டுவண்டியில் மாட்டை மட்டும் இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும்? பின்னால் இருக்கும் சுமை மாட்டையே தள்ளிவிடும். ரயிலிலும் அப்படித்தான்; எஞ்சின் சக்கரம் நின்றாலும் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டே போகும். அதனால் நிலையம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே டிரைவர் கணக்குப் போட்டு விசில் ஊத வேண்டும். என் பார்வையில் அவருடைய உண்மையான திறமை இதுதான்.

டிரைவரே எல்லாப் பெட்டிகளின் பிரேக்கையும் அழுத்தக் காற்றால் இயக்கும் காற்று பிரேக்கை 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்ததும் எல்லாம் மாறிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை: பயணிகள் ரயில்களுக்கு அது சீக்கிரம் வந்தது, சரக்கு ரயில்களிலோ 1893-இல் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது.