பெங்களூரில் ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்கள் கிறிஸ்துமஸ் செலவை எப்படித் திட்டமிடலாம்?

சகோதரி, உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். கணவரின் ஒரு சம்பளம், கையில் வருவது 48,000 ரூபாய், கே.ஆர்.புரத்தில் வாடகை வீடு, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், சொந்த ஊர் தூத்துக்குடி. கிறிஸ்துமஸ் ஒவ்வோர் ஆண்டும் நிறைவாகவே நடக்கிறது. ஆனால் ஜனவரி பிறந்ததும் கார்டு பில்லும் பள்ளியின் கடைசித் தவணைக் கட்டணமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. பிள்ளைகளின் முகம் வாடாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உண்டு. நாங்களும் லிங்கராஜபுரத்தில் ஏறக்குறைய இதே வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள்தான். எங்களுக்குப் பலன் தந்ததைத்தான் எழுதுகிறேன்.

பண்டிகைக் கணக்கை டிசம்பர் முதல் தேதியில் தொடங்கக் கூடாது. ஜனவரி 31லிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். தீபாவளிக்கு இல்லாத ஒரு சிக்கல் கிறிஸ்துமஸுக்கு உண்டு. பெரும்பாலான தனியார் நிறுவனங்களில் போனஸ் தசரா, தீபாவளியை ஒட்டி வந்துவிடுகிறது. நம்முடைய பண்டிகை வருவதற்குள் அது வேறு எதற்காவது கரைந்துபோகிறது. சில நிறுவனங்கள் டிசம்பர் சம்பளத்தையே 22, 23ஆம் தேதிகளில் கணக்கில் போட்டுவிடுகின்றன. அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்ததும் பண்டிகைக்கென்றே வந்த பணம் போலத் தோன்றும். உண்மையில் அது ஜனவரி மாத வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றுக்குமான பணம். அடுத்த சம்பளம் ஜனவரி 31இல்தான் என்றால், அந்த ஒரு சம்பளத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய நாற்பது நாட்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே முதலில் ஒரு தாளில் ஜனவரிக்குரியதை மட்டும் எழுதுங்கள்: வாடகை, இரண்டு பிள்ளைகளின் தவணைக் கட்டணம், சிலிண்டர், பால், மளிகை, போக்குவரத்து. டிசம்பர் சம்பளம் எந்தத் தேதியில் வந்தாலும் இந்தத் தொகையை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு அன்றே மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கை யு.பி.ஐ. செயலியோடு இணைக்க வேண்டாம். மிஞ்சுவது எவ்வளவோ அதுவும், அதற்கு முன்பே சேர்த்து வைத்ததும்தான் பண்டிகைப் பணம்.

முன்பே சேர்ப்பதற்கு வங்கி ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டும் தொடர் வைப்பு) போதும். அஞ்சலக ஆர்.டி. ஐந்து ஆண்டுகளுக்கானது என்பதால் இந்தத் தேவைக்குப் பொருந்தாது. வங்கிகளில் குறைந்தது ஆறு மாதத்துக்கே தொடங்கலாம். வரும் பிப்ரவரி முதல் வாரத்தில் மாதம் 2,000 ரூபாய் வீதம் எட்டு மாதங்களுக்குத் தொடங்கினால், அக்டோபர் முதல் வாரத்தில் 16,000 ரூபாயும் சிறிது வட்டியும் கைக்கு வரும். அக்டோபரில் ஏன் என்றால், கிறிஸ்துமஸின் பெரிய செலவுகள் இரண்டு, பயணமும் துணியும், அந்த மாதத்தில்தான் முடிவாகின்றன. அக்கம்பக்கத்தில் ‘கிறிஸ்துமஸ் சீட்டு’ என்று மாதம் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு டிசம்பரில் மைதா, எண்ணெய், பாத்திரம் என்று தருகிறவர்கள் உண்டு. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெறாத ஒருவரிடம் கட்டிய பணம் திரும்பாவிட்டால் நாம் எங்கே போய்க் கேட்பது? தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அதில் சேராதீர்கள்.

பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மைப் போன்ற குடும்பங்களின் பண்டிகைக் கணக்கைக் கவிழ்ப்பது கேக்கோ நட்சத்திரமோ அன்று, கடைசி வாரத்தில் எடுக்கும் ஆம்னி பஸ் டிக்கெட்தான். 23ஆம் தேதி இரவு பெங்களூரிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் ஒரு படுக்கைக்கு இரண்டாயிரத்தைத் தாண்டிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நால்வர் போய்வர வேண்டுமென்றால் உங்கள் ஒரு மாத வாடகை அதில் போய்விடும். மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் நால்வரும் ஸ்லீப்பரில் போய்வர ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அதன்படி டிசம்பர் 23 பயணத்துக்கான முன்பதிவு அக்டோபர் 24 காலை 8 மணிக்குத் தொடங்கும். தீபாவளி அலைச்சலில் பலரும் இந்த நாளைத் தவறவிடுகிறார்கள். பண்டிகை நாட்களின் இருக்கைகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதால், ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை ஒரு மாதம் முன்பே முடித்து, நால்வரின் பெயரையும் வயதையும் அதில் சேமித்து வைத்துவிடுங்கள். லீவு கிடைக்குமா, பிள்ளைகளின் பள்ளி எப்போது அடைக்கும் என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் டிக்கெட்டைப் போட்டுவிடுவதே நல்லது. பல நாட்கள் முன்பாகவே ரத்து செய்தால் ஸ்லீப்பரில் ஒருவருக்கு 120 ரூபாய் அளவில்தான் பிடிக்கிறார்கள்; கடைசி நேரப் பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு பெரிய தொகையன்று.

பள்ளி விடுமுறையையும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் நீண்ட இடைக்கால விடுமுறை தசராவுக்குத்தான். கிறிஸ்தவ நிர்வாகத்தின் கீழுள்ள பள்ளிகள் பல அதில் சில நாட்களைக் குறைத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு விடுகின்றன. உங்கள் பிள்ளைகளின் பள்ளி அப்படி விடாததாக இருந்தால், மூன்று நாள் தங்குவதற்காக நால்வரும் தூத்துக்குடி வரை போய்வருவது தேவைதானா என்று கணவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஓர் ஆண்டு ஊரிலும் அடுத்த ஆண்டு இங்கும் என்று நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். இங்கே இருக்கும் ஆண்டில் பெற்றோரில் யார் வரமுடிகிறதோ அவர்களை இங்கே அழைத்துக்கொள்கிறோம். இருவருக்கான டிக்கெட் நால்வருக்கானதில் பாதிதானே. பெரியவர்களுக்கு முதலில் வருத்தம் இருக்கத்தான் செய்யும். பணமில்லை என்று மழுப்பாமல், ஜனவரிப் பள்ளிக் கட்டணத்தின் கணக்கையே என் மாமியாரிடம் என் கணவர் சொன்னார். அதன் பிறகு அவர்களே ‘இந்த வருஷம் நாங்க வர்றோம்பா’ என்று சொல்லிவிட்டார்கள்.

துணி விஷயத்தில் எங்கள் முடிவு கண்டிப்பானது. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று, மறைக்கல்வி வகுப்பின் விழாவுக்கு ஒன்று என்று பிள்ளைகளுக்கு மூன்று உடை எடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. ஒன்று போதும். நள்ளிரவுத் திருப்பலிக்கு (பூசைக்கு) உடுத்தியதையே துவைத்து, இஸ்திரி போட்டு, புத்தாண்டுத் திருப்பலிக்கும் உடுத்தினால் எந்தக் குறையும் இல்லை. பெரியவர்களின் உடையை ஆடித் தள்ளுபடியிலோ, தீபாவளி முடிந்து மிஞ்சிய சரக்கைக் கடைக்காரர்கள் குறைத்துத் தரும் நவம்பரிலோ எடுத்துவிடலாம். பிள்ளைகள் வளர்கிறவர்கள், அவர்களுக்கு முன்கூட்டியே எடுத்தால் அளவு போதாமல் போகும். சிக்பேட்டையிலும் சிவாஜி நகரிலும் கிடைக்கும் அதே துணிக்கு கமர்ஷியல் தெருவில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. கர்நாடக முகவரியுள்ள பெண்களுக்கு 2023 ஜூன் முதல் பி.எம்.டி.சி.யின் (பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம்) சாதாரணப் பேருந்துகளில் பயணம் இலவசம் என்பதால், வார நாளில் நீங்கள் மட்டும் போய் விலை பார்த்து வருவதற்குச் செலவே இல்லை. இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உடையின் விலை 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். தைக்கக் கொடுப்பதாக இருந்தால் நவம்பரிலேயே கொடுங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் நம் தையல்காரர்கள் துணியை வாங்கவே யோசிப்பார்கள்.

பலகாரமும் கேக்கும் நான் குறைக்கச் சொல்லாதவை. தீபாவளிக்கு எதிர் வீட்டிலிருந்து தட்டு வருகிறது, ரம்ஜானுக்குக் கீழ் வீட்டிலிருந்து பிரியாணி வருகிறது; அந்தத் தட்டுகளை நாம் நிறைத்துத்தான் திருப்பித் தரவேண்டும், இதில் கணக்குப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. குறைக்கக்கூடியது செய்கிற முறையைத்தான். எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவில், மூன்று வீட்டார் ஒரு ஞாயிறு மதியம் ஒரே வீட்டில் கூடிவிடுகிறோம். பிள்ளைகள் புதுச் சீப்பின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டி கல்கல் செய்வார்கள். அச்சு முறுக்கு அச்சை எண்ணெயில் சூடேற்றி, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்கி எடுக்கும் பக்குவம் ஒருவருக்கு. முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துத் திரித்து வருவது இன்னொருவருக்கு. ஒரே வாணலி, ஒரே எண்ணெய் என்பதால் தனித்தனியாகச் செய்வதைவிடச் செலவு கணிசமாகக் குறைகிறது, மீந்த எண்ணெய் வீணாவதும் இல்லை.

கேக்குக்கு உலர்ந்த பழங்களை டிசம்பரில் மொத்தமாக வாங்காமல், செப்டம்பர் முதல் ஒவ்வொரு மாத மளிகையோடும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். கிஸ்மிஸ், பேரீச்சை, செர்ரி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிக் கண்ணாடி ஜாடியில் ரம்மில் ஊறவைப்பது இந்த ஊரின் பழைய வழக்கம். வேண்டாதவர்கள் நவம்பர் கடைசியில் திராட்சைச் சாற்றில் ஊறவைத்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். கமலா ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சி வைத்தால் கடையில் விற்கும் பழத்தோலை வாங்கவேண்டியதில்லை. ஓவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எங்கள் பகுதியின் பழைய பேக்கரிகளில், வீட்டில் கலந்த மாவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சுட்டுத் தருகிறார்கள். உங்கள் பக்கத்திலும் கேட்டுப்பாருங்கள். டிசம்பர் 15க்கு மேல் அங்கே வரிசை நீளும், தட்டில் பெயர் எழுதிய சீட்டை ஒட்டிக் கொடுக்க மறக்காதீர்கள்.

இயேசு பிறப்பைக் காட்டும் குடிலுக்கும் நட்சத்திரத்துக்கும் பெரிதாக எதுவும் வேண்டாம். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடிலை அமைத்தபோது அங்கே இருந்தது வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டியும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான். அட்டைப் பெட்டியையும் காய்ந்த புல்லையும் வைத்துப் பிள்ளைகள் செய்யும் குடில் அந்த மரபுக்கு, மின்விளக்கு பொருத்தி விற்கும் ஆயத்தக் குடிலைவிட நெருக்கமானது என்றே நான் நம்புகிறேன்.

கார்டு, தவணை ஆகியவற்றைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கிரெடிட் கார்டில் வாங்கினால் முழுத் தொகையையும் உரிய தேதியில் கட்ட முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். ‘குறைந்தபட்சத் தொகை’யை மட்டும் கட்டினால் கார்டு முடங்காது, ஆனால் வட்டி நிற்காது. மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்தால், 30,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 1,050 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 189 ரூபாய். அதோடு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலச் சலுகை கிடைக்காது; பால் பாக்கெட்டைக் கார்டில் வாங்கினாலும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்திலும் செயல்பாட்டுக் கட்டணமும் வட்டிப் பகுதிக்கான ஜி.எஸ்.டி.யும் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். இந்த ஜனவரியில் ஏற்கெனவே பாக்கி நிற்கிறது என்றால், ஆர்.டி.யைத் தொடங்குவதற்கு முன் அதை அடைப்பதே முதல் வேலை. எந்த ஆர்.டி.யும் மாதம் 3.5 சதவீதம் தராது.

பரிசுகளில் அலுவலகத்தில் பெயர் சொல்லாமல் பரிசு தரும் சீக்ரெட் சான்டாவுக்கும் அன்பியத்தின் பரிசுப் பரிமாற்றத்துக்கும் ஒரு உச்சவரம்பு வைக்கும்படி நீங்களே முதலில் கேளுங்கள். அறையில் இன்னும் பலர் அதற்காகக் காத்திருப்பார்கள். கேரல் குழு வரும் இரவில் தேநீரும் ஒரு துண்டு கேக்கும் போதும். ஆனால் ஏழைகளுக்கென்று தரும் பங்கை மிஞ்சியதிலிருந்து தர நினைக்காதீர்கள், எதுவும் மிஞ்சாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களில் ஞாயிறு இறைச்சியை நிறுத்தி அந்தப் பணத்தை ஓர் உறையில் போட்டு வருகிறோம். அந்த உறையில் எவ்வளவு சேர்ந்தது, அது யாருக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள்.

பிள்ளைகளிடம் கணக்கை மறைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு ‘இவ்வளவுதான் இருக்கிறது, இதில் உனக்கு உடையா, சைக்கிளா’ என்று கேட்டால் தெளிவாகவே பதில் சொல்லும். கேட்காமல் நாமாக வாங்கித் தருவதில்தான் பாதிப் பணம் போகிறது. பாக்கி எதுவும் இல்லையென்றால் பிப்ரவரி 5க்குள் ஆர்.டி.யைத் தொடங்கிவிட்டு, கைப்பேசியின் நாட்காட்டியில் அக்டோபர் 24 காலை 7.45க்கு ஒரு அலாரம் வைத்துவிடுங்கள்.