சிலி வானம் இருக்கட்டும், கார்டு பாக்கியைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 39, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 4,600 வெள்ளி. நான்கு வருடமாக இரவு வானத்தைப் படம் எடுக்கிறேன். அதிலும் பிளானட்டரி நெபுலா எனும் வாயு மண்டலங்கள் என்றால் பைத்தியம். டெலஸ்கோப், அதைத் தாங்கும் மவுண்ட், இரண்டு கேமரா, ஃபில்டர் எல்லாம் வட்டியில்லாத் தவணையில் வாங்கியவை. கடைசித் தவணை போன மாதம் முடிந்தது. ஆனாலும் கிரெடிட் கார்டில் 9,400 வெள்ளி பாக்கி நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். வீட்டுச் செலவும் அதே கார்டில்தான், புள்ளிகள் சேர்கின்றன. இங்குள்ள வெளிச்சத்தில் படம் சரியாக வருவதில்லை. சிலியில் மாதம் 600 வெள்ளி வாடகைக்கு இடம் தருகிறார்கள். டெலஸ்கோப்பை அங்கே அனுப்பிவிட்டு இங்கிருந்தே இயக்கலாம். அதற்காக மாதம் 500 ஒதுக்கி 5,000 சேர்த்துவிட்டேன். போன வருடம் செய்தது போல கார்டு பாக்கியை வேறு வங்கிக்கு மாற்றிவிட்டு, இந்தப் பணத்தை சிலிக்குப் போடலாமா? முதலீட்டுடன் சேர்ந்த காப்புறுதி எடுத்தால் அதில் வரும் லாபத்திலேயே வாடகை கட்டலாம் என்கிறார் முகவராக இருக்கும் என் அத்தை மகன். அவசரச் செலவுக்கு மூன்று மாதச் சம்பளம் தனியாக இருக்கிறது. பாக்கி விவரம் மனைவிக்குத் தெரியாது.

பதில்: டெலஸ்கோப்பைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டு பக்கம் (சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன்), பாக்கியைப் பற்றி இரண்டே வரி. அந்த இரண்டு வரியில் 'தவறாமல்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் தவறு.

குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 3 சதவிகிதம் என்றால் 282 வெள்ளி. வட்டி ஆண்டுக்கு 27 சதவிகிதம் என்று வையுங்கள், மாதத்துக்கு 211 ஆகிறது. ஆக நீங்கள் கட்டும் 282இல் அசலுக்குப் போவது 71 வெள்ளி. அதையும் மளிகைக் கடையில் விட்டுவிடுகிறீர்கள். பாக்கி சுமக்கும் கார்டுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது; இன்று வாங்கும் அரிசி மூட்டைக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். புள்ளிகளாம், புள்ளிகள்!

வட்டியில்லாத் தவணையும் இப்படித்தான். மாதத் தவணை கார்டு பில்லில் வந்து சேர்கிறது. பில்லை முழுதாகக் கட்டினால்தான் அது வட்டியில்லாதது. பாதியில் விட்டால் மிச்சத்துக்கு வழக்கமான கார்டு வட்டி. இரண்டாவது கேமராவுக்கு நீங்கள் கொடுத்த விலை, கடைக்காரர் சொன்ன விலை அல்ல.

பாக்கியை வேறு வங்கிக்கு மாற்றுவதைப் பொதுவாக நான் குறை சொல்ல மாட்டேன். கட்டணம் போக, கணக்குப்படி அது லாபம்தான். ஆனால் போன வருடம் மாற்றினீர்கள், காலியான கார்டு மறுபடி நிரம்பிவிட்டது. உங்கள் விஷயத்தில் அது ஓட்டை வாளியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றுவதுதான். அத்தை மகனிடம் அன்பாக 'இப்போது முடியாது' என்று சொல்லிவிடுங்கள். 27 சதவிகிதக் கடனுக்கு மேல் நிச்சயமாகத் தரும் முதலீடு அவர் பையில் இருந்தால் அவர் எதற்குப் பாலிசி விற்கிறார்?

சரி, செய்ய வேண்டியது இது. சேர்த்த 5,000-ஐ நாளைக்கே கார்டில் போடுங்கள். மிச்சம் 4,400. ஏற்கெனவே மாதம் 500 ஒதுக்குகிறீர்கள், 282 கட்டுகிறீர்கள். இரண்டையும் சேர்த்து 782 கட்டி வந்தால் ஏறக்குறைய ஆறு மாதத்தில் பாக்கி முடிந்துவிடும். உங்கள் சட்டைப்பையிலிருந்து புதிதாக ஒரு காசு போகவில்லை, கவனியுங்கள். அதுவரை கார்டை வீட்டில் பூட்டிவிட்டு வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் பேநவ்விலோ நெட்ஸிலோ செலவு செய்யுங்கள். அவசரப் பணத்தைத் தொட வேண்டாம்.

ஆறு மாதம் தாங்காது என்பீர்கள். இது ஜனவரி, வடகிழக்குப் பருவமழை. எப்படியும் பாதி இரவு மேகம்தான். உங்களுக்குப் பிடித்த பிளானட்டரி நெபுலாக்களில் எம் 57 வளைய நெபுலாவும் எம் 27 டம்பெல் நெபுலாவும் நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூலையில். கடன் முடியும் மாதமும் அதுதான்.

சிலி வானம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு அது இப்போதே தேவையா? நீங்கள் கேலக்சி எடுப்பவராக இருந்தால் யோசிப்பேன். கேலக்சியின் ஒளி எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது, தெருவிளக்கிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. பிளானட்டரி நெபுலா அப்படியல்ல. பெயரில்தான் கோள், சிறு வட்டத் தட்டாகத் தெரிந்ததால் வில்லியம் ஹெர்ஷல் 1780களில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அது சாகும் நட்சத்திரம் உதறிய வாயு. அதன் ஒளியில் பெரும்பகுதி சில குறுகிய கோடுகளில் அடங்கிவிடும்: ஆக்சிஜனின் நீலப்பச்சை 500.7 நானோமீட்டர், ஹைட்ரஜனின் சிவப்பு 656.3. இந்த இரண்டை மட்டும் விடும் ஃபில்டரை 400 வெள்ளி கொடுத்து வாங்கி வைத்திருக்கிறீர்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு மாடத்திலிருந்து எடுப்பவர்களுக்காகவே வந்த சாமான் அது. வெளிச்சம் முழுதாக மறையாதுதான், ஆனால் அதற்கும் வழி உண்டு. நான்கு மடங்கு நேரம் எடுத்துப் படங்களை அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிக் கசடு, பாதியாகக் குறையும். இரவு நேரத்துக்கு வாடகை கிடையாது.

இரண்டாவது கேமரா பெட்டியிலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை விற்றுவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடிக்குப் பூஞ்சை பிடித்த பிறகு பாதி விலைகூட வராது. வரும் பணம் நேராகக் கார்டுக்கு. யாருக்கு விற்கிறேன், எதற்கு விற்கிறேன் என்று மனைவி கேட்பார். அந்தச் சாக்கிலாவது 9,400 என்ற எண்ணை அவரிடம் சொல்லுங்கள், 5,000 கட்டுவதற்கு முன்பே.