கிரயம் ஆகும் முன்பே சாவியைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தன் வீட்டை விற்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். விலை 72 லட்சம். 10 லட்சம் அட்வான்ஸ் வாங்கி, மூன்று மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் போட்டுப் பதிவும் செய்துவிட்டார்கள். வாங்குபவருக்கு பேங்க் லோன் இழுத்துக்கொண்டே போகிறது. "வைகாசி முகூர்த்தத்தை விட்டால் அப்புறம் ஆவணிதான், ஜூன்ல பிள்ளைக்கு ஸ்கூல் திறந்துடும், வீடு சும்மா பூட்டித்தானே கிடக்கு, குடிவந்துடறோம், லோன் வந்ததும் பத்திரம் போட்டுக்கலாம்" என்கிறார்களாம். நல்ல குடும்பம், தெரிந்தவர் மூலமாக வந்தவர்கள். இவரோ கோவையில் மகள் வீட்டில் இருக்கிறார். சாவியைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று பார்த்து இதைச் சொல்லவில்லை. இப்படி வந்து சிக்குகிற வழக்குகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள்தான், லோன் கிடைக்காமல் போனதும் அல்லது பணம் கொஞ்சம் குறைந்ததும்தான் பேச்சு மாறுகிறது.

இப்போதைய நிலைமையைப் பாருங்கள். கிரய ஒப்பந்தம் மட்டும் இருக்கும்வரை வீட்டின் மேல் வாங்குபவருக்கு எந்தச் சொத்துரிமையும் கிடையாது, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன் 54-வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, அதன்படி வாங்குபவர் வீட்டின் சுவாதீனத்தையும் (வீட்டைத் தன் கைவசம் வைத்திருப்பதை) எடுத்து, தன் பங்கு கடமையைச் செய்யத் தயாராகவும் இருந்தால், கிரயப் பத்திரம் பதியாமல் இருந்தாலும் விற்பவர் அவரை வெளியேற்ற முடியாது. 2001-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம், நீங்களும் முறையாகப் பதிந்துவிட்டீர்கள். அதாவது அவர்கள் கையில் கேடயம் பாதி இப்போதே இருக்கிறது. மீதிப் பாதி நீங்கள் கொடுக்கப்போகும் சாவி.

"கெடு மூன்று மாதம்தானே, அதற்குள் பணம் தரவில்லை என்றால் ஒப்பந்தம் ரத்து" என்று நினைப்பீர்கள். அவ்வளவு லேசாக முடியாது. கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட வாங்குபவருக்கு மூன்று வருடம் காலவரம்பு. அந்த மூன்று வருடம் கடந்து அவர் வழக்கே போடாமல் விட்டாலும், 53ஏ-யின் நிபந்தனைகள் பொருந்தினால், உள்ளே இருப்பவர் தன் சுவாதீனத்தைக் காத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. பணம் கட்டத் தயாராக இல்லாதவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, உண்மைதான். ஆனால் அவர் தயாராக இருந்தாரா இல்லையா என்று கோர்ட்டில் முடிவாகும்வரை நீங்கள்தான் வருடக்கணக்கில் கோவையிலிருந்து திருச்சி கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் விவகாரம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"எங்கள் ஒப்பந்தத்தில் சுவாதீனம் கொடுக்கவில்லை என்றுதானே எழுதியிருக்கிறது?" என்று கேட்கலாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதற்கு ஒரு காரணம் பதிவுக் கட்டணம். சுவாதீனம் இல்லாத ஒப்பந்தத்துக்கு அட்வான்ஸ் தொகையில் 1 சதவீதம், உங்கள் கணக்கில் 10,000 ரூபாய். சுவாதீனத்தோடு என்றால் மொத்த விலையில் 1 சதவீதம், 72,000. அதனால் பத்திரத்தில் ஒன்றை எழுதிவிட்டு, சாவியை வாய்ப்பேச்சில் கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் தகராறு வரும்போது "ஒப்பந்தப்படிதான் சாவி கொடுத்தார், பாருங்கள் வாட்ஸ்அப் மெசேஜ்" என்று ஒருவர் காட்ட, "இல்லை, சும்மா தங்கிக்கொள்ளத்தான்" என்று இன்னொருவர் சொல்ல, கேஸ் அந்த ஒரு கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சட்டத்தைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, குடிவந்த பிறகு நடக்கும் சின்னச் சின்ன விஷயங்கள். முதல் வாரம் ஏசிக்குச் சுவரில் ஓட்டை போடுவார்கள். அடுத்த வாரம் இந்தியன் டாய்லெட்டை உடைத்து வெஸ்டர்ன் வைப்பார்கள், தங்கள் வீடுதானே என்ற நினைப்பு. அப்புறம் ஒரு மழை பெய்யும், மாடிப்படிக்குக் கீழே சுவரில் ஓதம் ஏறியிருப்பது கண்ணில் படும். பூட்டிக்கிடந்த வீட்டை அரைமணி நேரம் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியாதது, குடியிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். உடனே போன் வரும், "மேடம், இதெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே, ரெண்டு லட்சம் குறைச்சுக்கோங்க" என்று. அப்போது உங்களால் "வேண்டாம் என்றால் விடுங்கள்" என்று சொல்ல முடியாது, அவர்கள் உள்ளே இருக்கிறார்கள். இதற்குள் ஆதார், கேஸ் கனெக்‌ஷன் முகவரியெல்லாம் அங்கே மாறியிருக்கும், ஈபி கார்டும் சொத்து வரி ரசீதும் மட்டும் உங்கள் பெயரில் இருக்கும். நடுவில் தீயோ வேறு சேதமோ வந்தால், கிரயம் பதியும்வரை அந்த நஷ்டமும் உங்களுடையதுதான்.

இன்னொன்று, குடிவந்துவிட்டால் அவர்களுடைய அவசரம் போய்விடும். இன்றைக்கு பேங்க் மேனேஜரை தினமும் போய்ப் பார்க்கிறவர், வீட்டில் உட்கார்ந்த பிறகு வாரம் ஒருமுறை பார்ப்பார்.

சரி, லோன் ஏன் இழுக்கிறது என்று முதலில் கேளுங்கள். பல நேரம் முடிச்சு விற்பவர் பக்கமே இருக்கும். மூலப் பத்திரம் ஒன்று காணோம், பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது, அப்ரூவல் வாங்கிய பிளானில் இல்லாத மாடி அறை ஒன்று இருக்கிறது என்று பேங்க் வக்கீல் லீகல் ஒபீனியனில் குறித்திருப்பார். அப்படியானால் அதைச் சரிசெய்து கொடுங்கள், சாவி கொடுப்பதைவிட அவர்களுக்கு அதுதான் பெரிய உதவி.

உங்கள் பக்கம் எல்லாம் சுத்தம் என்றால் அவர்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம்வரை உள்ள வீட்டுக் கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. 72 லட்சத்தையே பேங்க் மதிப்பாக ஏற்றுக்கொண்டாலும் 57 லட்சத்து 60 ஆயிரம். மீதி 14 லட்சத்து 40 ஆயிரம் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 6 லட்சத்து 48 ஆயிரம், இந்த அளவு விலையுள்ள வீட்டுக்கு அதைக் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆக மொத்தம் சொந்தப் பணம் ஏறக்குறைய 21 லட்சம் வேண்டும், உங்களிடம் கொடுத்தது 10. மீதி 11 லட்சம் தயாராக இருக்கிறதா என்று வெளிப்படையாகவே கேளுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. லோன் தாமதம் என்று சொல்லப்படுகிற பல இடங்களில் உண்மையில் தாமதமாவது இந்தப் பணம்தான். சாங்க்‌ஷன் லெட்டரைக் காட்டினால் சந்தோஷம், ஆனால் அது பணம் ஆகாது. பதிவு நாளன்று டிடியோ, உங்கள் கணக்கில் ஏறிய தொகையோதான் பணம்.

முகூர்த்தம்தான் அவர்கள் கவலை என்றால் அதற்கு வழி இருக்கிறது. வைகாசியில் நல்ல நாளில் நீங்களோ உங்கள் ஆள் ஒருவரோ கூட இருந்து, வீட்டைத் திறந்துவிட்டு, பால் காய்ச்சி பூஜை செய்துகொள்ளட்டும், மதியம் பூட்டிச் சாவியோடு வந்துவிடுங்கள். முந்தின நாளே ஒரு மெசேஜ் அனுப்பிவையுங்கள்: "நாளை காலை பால் காய்ச்ச மட்டும் வீட்டைத் திறந்து தருகிறோம், சுவாதீனம் கிரயப் பத்திரம் பதியும் நாளில்தான்." அவர்கள் "சரி" என்று பதில் போட்டால் போதும். ஒரு சாமான்கூட உள்ளே வைக்க விடாதீர்கள், ஒரு பீரோ வந்தால் அதன் பின்னாலேயே கட்டிலும் வந்துவிடும்.

பள்ளிக்கூடம்தான் பிரச்சினை, வேறு வழியே இல்லை என்று நீங்களே மனம் இரங்கினால், வாடகைக்கு விடுங்கள், முறையான வாடகைக்கு. கிரய ஒப்பந்தத்தோடு சம்பந்தமே இல்லாத தனி வாடகை ஒப்பந்தம், குறிப்பிட்ட சில மாதங்களுக்கு மட்டும், அந்தத் தெருவில் என்ன வாடகையோ அதே வாடகை, மாதாமாதம் பேங்க் வழியாக. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அதைப் பதிவும் செய்துவிடுங்கள். வாடகையை வீட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்த ஒரு வரி போதும், அவர்கள் வாடகைதாரர்கள் இல்லை என்று வாதாட. "வாடகைதாரராக மட்டுமே குடியிருக்கிறோம், கிரய ஒப்பந்தத்தின்படி சுவாதீனம் பெறவில்லை, சுவரை உடைக்கவோ மாற்றவோ மாட்டோம், கிரயம் நடக்காவிட்டால் காலி செய்வோம்" என்று அவர்கள் கையெழுத்தோடு இருக்கட்டும். இதிலும் காலி செய்ய மறுத்தால் வாடகை நீதிமன்றம் போகத்தான் வேண்டும், ஆனாலும் 53ஏ-யோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ தேவலை. கையெழுத்தாகும் முன் உங்கள் வக்கீல் ஒருவர் இரண்டு ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும், பத்திரம் எழுதுபவர் மட்டும் போதாது.

இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் தருகிறோம், சாவி கொடுங்கள் என்று வந்தாலும் பதில் அதேதான். அந்தப் பணத்தையும் ரொக்கமாக வாங்காதீர்கள், சொத்து விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினாலே வருமான வரிச் சட்டப்படி அபராதம், அதுவும் வாங்கிய தொகைக்குச் சமமாக.

இதைப் படிக்கிறவர்களில் ஏற்கனவே சாவியைக் கொடுத்துவிட்டவர்கள் இருந்தால், பூட்டை மாற்றுவது, கரண்டைத் துண்டிப்பது, சாமானை வெளியே வைப்பது எதையும் செய்யாதீர்கள். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்று பார்க்காமலேயே சுவாதீனத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவிடலாம், குறித்த நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. பேச்சு சுமுகமாக இருக்கிற இப்போதே, எந்தத் தேதியில் எந்த ஏற்பாட்டில் குடிவந்தார்கள், மீதிப் பணம் எவ்வளவு, எப்போது தருவார்கள் என்பதை ஒரு கடிதமாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பணம் வரும் தேதியில் நீங்கள் பதிவு அலுவலகத்தில் தயாராக இருப்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தத் தேதியும் தாண்டினால் இன்னொரு கெடு கொடுப்பதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் போய்விட வேண்டும்.