பெரணியில் இருக்கும் துரு காபிக்குப் பரவுமா?

கேள்வி: ஏற்காட்டில் மூன்று ஏக்கர் அராபிகா காபி இருக்கிறது. நிழல் மரத்தடியிலும் கல்கட்டிலும் பெரணி மண்டிக் கிடக்கிறது. அதன் இலைக்கு அடியில் துரு நிறத்தில் பொடி. காபி இலையில் விழும் துரு நோய் இதிலிருந்துதான் வருகிறதா? எல்லாவற்றையும் வெட்டி எரித்துவிடலாமா?

பதில்: எரிக்க வேண்டாம். முதலில் பெரணி இலையைத் திருப்பிப் பாருங்கள். புள்ளிகள் நடுநரம்பின் இரு பக்கமும் அல்லது இலை ஓரமாக, ஒரே அளவில் வரிசையாக இருந்தால் அது நோயே இல்லை. பெரணிக்குப் பூவும் விதையும் கிடையாது; அந்தப் பொடியால்தான் அது பரவுகிறது. நோயாக இருந்தால் இந்த ஒழுங்கு இருக்காது. மேல்பக்கம் மஞ்சளோ பழுப்போ திட்டுத்திட்டாக வெளுத்து, அதற்கு நேர் அடியில் பொடி தெரியும்.

பெரணிக்கென்று துருப் பூஞ்சாணங்களும் உண்டு. மிலசினா, யூரிடினாப்சிஸ் வகைகளின் பொடி பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். ஹயலாப்சோராவுடையதுதான் மஞ்சள். அருங்காட்சியகங்களில் காகித உறைக்குள் வைத்திருக்கும் காய்ந்த இலைகளில், எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி, யார் பறித்தது என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். இந்த மூன்று இனங்களின் பதிவுகளில் ஒரு பருவம் பெரணியில், மறு பருவம் ஃபிர் மரத்தின் ஊசியிலையில் என்றே வரும். காபி அந்தக் கணக்கில் இல்லை. ஃபிர் இந்தியாவில் இயற்கையாக வளர்வது இமயமலையில்தான். உங்கள் தோட்டத்து சில்வர் ஓக்குக்கும் அதற்கும் உறவில்லை.

பழைய பதிவுகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பலவகைப் பெரணிகளையும் 'பாலிபோடியம்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். அதனால் சீட்டை மட்டும் நம்பாமல், உறைக்குள் இருக்கும் இலையையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

காபித் துருவுக்குப் பெயர் வந்ததும் இப்படிக் காய்ந்த இலையிலிருந்துதான். இலங்கை பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் த்வெய்ட்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து, 1869இல் இங்கிலாந்தில் பூஞ்சாண ஆய்வாளர்கள் பெர்க்லியும் புரூமும் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். அந்தப் பூஞ்சாணம் தோட்டத்தில் காபியிலிருந்து காபிக்குத்தான் தாவுகிறது, காற்றிலும் மழைத் தெறிப்பிலும்.

ஆகவே செலவைக் காபியில் செய்யுங்கள். பருவமழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் ஒரு முறை 0.5 சதவீத போர்டோ கலவை தெளியுங்கள். 100 லிட்டருக்கு மயில்துத்தம் 500 கிராம், சுண்ணாம்பு 500 கிராம். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். பூஞ்சாணம் நுழைவது அந்த வழியாகத்தான். மேலாகத் தெளித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம். நிழலை அளவாகக் கழித்துவிட்டால் இலை ஈரம் சீக்கிரம் காயும்.

இன்னும் சந்தேகமா? சரி, பொடியுள்ள பெரணி இலை ஒன்றைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி உலர்த்துங்கள். ஊர், தேதி, எதன் அடியில் வளர்ந்தது என்று எழுதி, தாண்டிக்குடி காபி ஆராய்ச்சி நிலையத்திலோ பக்கத்து வேளாண் கல்லூரியிலோ காட்டுங்கள். பச்சை இலையைப் பாலிதீன் பையில் போட்டு அனுப்பாதீர்கள். போய்ச் சேருவதற்குள் வேறு பூசணம் பிடித்துவிடும்.