அடிக்காமல் படியுமா நாய்க்குட்டி?

நாய்க்குட்டி வளர்ப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவும் பதில்களும்.

எங்கள் குட்டிக்கு வயது 10 வாரம். வெளியே கூட்டிப்போனால் புல்லை முகர்ந்துகொண்டே நிற்கிறது; உள்ளே வந்த ஐந்தாவது நிமிடம் கூடத்தில் மூத்திரம் போகிறது. மூக்கை அதில் தேய்த்து அதட்டுகிறோம். தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்த மாதிரி தலையைத் தொங்கப்போடுகிறது. ஆனாலும் மறுநாள் அதே கதை. வீம்பா?

வீம்பு காட்ட அதற்கு இன்னும் வயது வரவில்லை. இந்த வயதில் மூத்திரப்பையை அடக்கிவைக்கும் திறனே அரைகுறைதான். தோராயமாக ஒரு கணக்கு உண்டு: குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது அது அடக்கக்கூடிய மணிநேரம். அதுவும் தூங்கும்போதும் சும்மா படுத்திருக்கும்போதும்தான். ஓடி விளையாடும் 10 வாரக் குட்டிக்கு அரை மணி, மிஞ்சிப்போனால் முக்கால் மணி.

தலையைத் தொங்கப்போடுவது பற்றி: 2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக்கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தப் பார்வைக்கும் தொடர்பே இல்லை. உரிமையாளர் திட்டினால் அந்தப் பார்வை வந்தது. ஒரு பாவமும் அறியாத நாய்களும் திட்டு வாங்கியபோது அப்படித்தான் பார்த்தன. உங்கள் குட்டி உங்கள் குரலுக்குப் பயந்து சமாதானம் கேட்கிறது, அவ்வளவுதான்.

மூக்கைத் தேய்ப்பதில் அது கற்கும் பாடம் ஒன்று உண்டு: மனிதர் பக்கத்தில் இருக்கும்போது மூத்திரம் போனால் ஆபத்து. அதனால்தான் வெளியே, கயிற்றைப் பிடித்தபடி நீங்கள் நிற்கும்போது, போகாமல் அடக்குகிறது. இன்னும் சில நாளில் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து மூத்திரம் போகத் தொடங்கும்.

இப்படி மாற்றுங்கள். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட 5 முதல் 20 நிமிடத்துக்குள், விளையாட்டின் நடுவில், படுக்கும் முன் என்று ஒரு வேளை தவறாமல் வெளியே கொண்டுபோங்கள். கயிறு கட்டி, எப்போதும் ஒரே இடம். அங்கே நீங்கள் மரம்போல் நில்லுங்கள். பேச்சும் விளையாட்டும் வேண்டாம். 5 நிமிடம் பாருங்கள். போய் *முடித்த* கணத்தில் “சபாஷ்!” என்று சொல்லி, அங்கேயே வாயில் தீனியைக் கொடுங்கள். பாதியில் சத்தம் போட்டால் மீதியை வைத்துக்கொண்டு உங்களிடம் ஓடிவரும். அந்த மீதி கூடத்துக்கு வந்து சேரும். வீட்டுக்குள் வந்தபின் தீனி கொடுப்பதும் பயனில்லை, அது உள்ளே வந்ததற்கான கூலியாகிவிடும். முடித்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் வெளியே விளையாடவிடுங்கள். போன உடனே உள்ளே இழுத்துவந்தால், ‘போனால் ஊர்சுற்றல் முடிந்தது’ என்று புரிந்துகொண்டு இழுத்தடிக்கும்.

5 நிமிடத்தில் போகவில்லையா? உள்ளே வாருங்கள், ஆனால் தரையில் அவிழ்த்து விடாதீர்கள். மடியிலோ கூண்டிலோ 10 நிமிடம், மறுபடி வெளியே. கூடத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால், அதட்டாமல் தூக்கிக்கொண்டு நடங்கள். முடிந்தபின் பார்த்தால் துடைப்பதோடு சரி. துடைக்க, செல்லப்பிராணிகளுக்கென விற்கும் நொதி கலந்த திரவம் நல்லது. அம்மோனியா கலந்தது வேண்டாம். அதன் வாசனை மூத்திர வாசனைக்கு நெருக்கமானது, இடத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டியதுபோல் ஆகும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ நிறம் சிவந்தாலோ அது பயிற்சிக் கோளாறு அல்ல, கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டிய விஷயம்.

கையைக் கடித்துக் குதறுகிறது. “ஆ” என்று கத்தினால் நிறுத்திவிடும் என்றார்கள். கத்தினால் இன்னும் குஷியாகிறது. சாயங்காலமானால் பேய் பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது.

கத்தலுக்குச் சில குட்டிகள் நிற்கும். பல குட்டிகளுக்கு அது கீச்சிடும் பொம்மை மாதிரி. உங்களுடையது இரண்டாவது ரகம், கத்துவதை விட்டுவிடுங்கள்.

குட்டிக்கு வாய்தான் கை. 28 பால்பற்கள், எல்லாம் ஊசிகள். 4 மாத வாக்கில் விழத் தொடங்கி, 6-7 மாதத்தில் 42 நிரந்தரப் பற்கள் வந்து முடியும். அதுவரை எதையாவது கடித்தே தீரும்; எதை என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம்.

நீளமான துணிப் பொம்மை ஒன்று எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதன் நுனி தரையில் இழுபட, பாம்புபோல் நெளித்து ஆட்டுங்கள். குட்டி அதைப் பிடிக்கட்டும், இழுக்கட்டும். பல் உங்கள் தோலில் பட்ட கணம் கையை இழுக்காதீர்கள். இழுத்தால் ஓடும் இரை, துரத்தும். கையை அப்படியே துவளவிட்டு, பேசாமல் இரண்டு விநாடி இருங்கள். பெரும்பாலும் சுவாரஸ்யம் போய் வாயை எடுத்துவிடும். உடனே பொம்மையை ஆட்டுங்கள். எடுக்கவில்லையென்றால் எழுந்து, தடுப்புவேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். 10 முதல் 20 விநாடி போதும். 5 நிமிடம் ஒதுக்கிவைத்தால் எதற்கென்று அதற்கு நினைவிருக்காது. திரும்பி வந்து விளையாட்டைத் தொடருங்கள். ஒரே மாலையில் பத்துத் தடவை இப்படி எழுந்துபோக வேண்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் வாக்கில் முன்பைவிட வெறியாகக் கடிக்கலாம். இங்கேதான் பலர் ‘இந்த முறையெல்லாம் வேலைக்காகாது’ என்று கைவிடுகிறார்கள். லிஃப்ட் வராவிட்டால் நாம் பொத்தானை விட்டுவிடுகிறோமா? நாலைந்து தடவை அழுத்தி அழுத்திப் பார்க்கிறோம். குட்டியும் அதைத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் மட்டும் கையைக் கொடுத்துக் கொஞ்சினால்கூட, விடாமல் கடித்தால் பலன் உண்டு என்று ஆகிவிடும்.

சாயங்காலப் பேய்க்குப் பெயர் தூக்கம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்கவேண்டும். விழித்து ஒரு மணி நேரம் தாண்டினால் பச்சைக்குழந்தை மாதிரிச் சிணுங்கும். அது பற்களால் சிணுங்கும். ஒருமுறை வெளியே கொண்டுபோய் வந்து, கடித்து மெல்லுவதற்கு ஒரு பொருளைக் கொடுத்து, அரையிருட்டில் படுக்கவையுங்கள்.

வாயைப் பொத்திப் பிடிப்பது, மூக்கில் சுண்டுவது இரண்டும் வேண்டாம். நாளை மருந்து ஊற்ற, காதைப் பார்க்க அந்தக் கைதான் வரவேண்டும். விளையாட்டிலேயே பல் பட்டுத் தோல் கிழிந்தாலும் அலட்சியம் கூடாது: சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பு பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இரவெல்லாம் அழுகிறது. அழவிட்டால் தானாகப் பழகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

அழுது களைத்து அடங்குவதைப் பழகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். நேற்றுவரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் ஒட்டிப் படுத்த உயிர் அது. கூண்டை உங்கள் கட்டிலை ஒட்டி, கை தொங்கவிட்டால் எட்டுகிற மாதிரி வையுங்கள். ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கியபின், சில நாளுக்கு ஒருமுறை இரண்டடி தள்ளி வைத்துக்கொண்டே போகலாம். நடு இரவில் ஒருமுறையோ இருமுறையோ மூத்திரத்துக்கு எழுப்பும். பெரிய விளக்குப் போடாமல், பேசாமல் கொண்டுபோய் வந்து படுக்கவையுங்கள். கொஞ்சினால் மூன்றாவது முறையும் எழுப்பும்.

தடுப்பூசி எல்லாம் முடியும்வரை வெளியே கொண்டுபோகக்கூடாது என்கிறார்கள். சரிதானா?

பாதி சரி. தடுப்பூசி வரிசை முடிய ஏறக்குறைய 16 வாரம் ஆகும். ஆனால் புது மனிதர், புதுச் சத்தம், புதுத் தரை எல்லாவற்றையும் ‘இது சாதாரணம்’ என்று குட்டியின் மூளை எளிதாக ஏற்கும் பருவம் 3ஆம் வாரத்தில் தொடங்கி 12-14 வாரத்திலேயே மங்கிவிடுகிறது. காத்திருந்தால் கதவு சாத்தியபின் போய் நிற்போம். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், முதல் தடுப்பூசியும் முதல் குடற்புழு மருந்தும் போட்டு 7 நாள் ஆனபின், 7-8 வாரத்திலேயே குட்டிகளுக்கான வகுப்பைத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறது.

எங்கே இறக்கிவிடுகிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். குட்டிகளுக்குக் கடும் வாந்திபேதியைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பல நாய்கள் மலம் கழிக்கும் இடம் ஆகவே ஆகாது. கையில் தூக்கிக்கொண்டு போகலாம். தடுப்பூசி போட்ட, சாந்தமான நாய் இருக்கும் வீட்டுக்குப் போகலாம். குடை, தலைக்கவசம், தாடி, சக்கர நாற்காலி, மிக்சி, இடி எல்லாம் பட்டியலில் இருக்கட்டும்.

வரிசை முக்கியம்: முதலில் சத்தம், அடுத்த விநாடி தீனி. மாற்றிச் செய்தால் தீனியைக் கண்டாலே ‘ஏதோ வரப்போகிறது’ என்று மிரளும். குட்டி தீனியை வாங்கித் தின்றால் தூரம் சரி. முகத்தைத் திருப்பினாலோ வாலைச் செருகினாலோ நெருங்கிவிட்டீர்கள், பத்தடி பின்வாங்குங்கள். ‘பழகட்டும்’ என்று இன்னும் கிட்டே கொண்டுபோவதில் பயம்தான் பழகும்.

“அடியாத மாடு படியாது” என்பார்கள். நாய் கூட்டத்தில் ஒரு தலைவன் இருப்பானாம்; நாம்தான் அந்தத் தலைவன் என்று காட்ட, அதற்கு முன்னால் சாப்பிட வேண்டும், மல்லாக்கப் போட்டு அமுக்க வேண்டும் என்கிறார் ஒரு பயிற்சியாளர்.

அந்தத் தலைவன் கதை 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் ஓநாய்களைப் பற்றி எழுதியதிலிருந்து கிளம்பியது. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டுப் பார்த்தது அது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. பிறகு காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த அதே மெக், 1999இல் அந்தக் கருத்தைத் திருத்தினார்: கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம், சண்டையில் வென்ற தலைவன் என்று யாருமில்லை. தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். எழுதியவரே திரும்பப் பெற்றதைப் பயிற்சியாளர் இன்னும் விடவில்லை.

நீங்கள் முன்னால் சாப்பிடலாம், பின்னால் சாப்பிடலாம். குட்டி அதைக் கணக்கில் வைக்காது. மல்லாக்க அமுக்குவது வேறு. திமிற வழியில்லாமல் பயந்த நாய்க்கு மிஞ்சுவது பல்.

தீனி கொடுத்துப் பழக்கினால் அது லஞ்சம் ஆகிவிடாதா? கையில் தீனி இல்லாவிட்டால் சொன்னபேச்சுக் கேட்குமா?

முன்னால் காட்டினால் லஞ்சம், வேலை முடிந்தபின் கொடுத்தால் கூலி. கூலி இல்லாமல் நாமும் வேலைக்குப் போவதில்லை.

‘உட்கார்’ சொல்லித்தருவதை எடுத்துக்கொள்வோம். பட்டாணி அளவுத் தீனியை மூக்குக்கு நேரே பிடித்து, மெல்லத் தலைக்கு மேல் பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போக, பின்புறம் தானாகத் தரையில் இறங்கும். இறங்கிய விநாடியில் “சபாஷ்”, தீனி. கையை உயரத் தூக்கினால் குதிக்கும். மூக்கை ஒட்டியே போகவேண்டும். மூன்று முதல் ஐந்து தடவைதான் இப்படி. ஆறாவது தடவை அதே கையசைவு, ஆனால் கை வெறுங்கை. உட்கார்ந்ததும் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். இந்த இடத்தைத் தாண்டாமல் விட்டவர்கள்தான் ‘கையைப் பார்த்துத்தான் உட்காருகிறது’ என்று குறைப்படுவார்கள். சைகைக்குத் தவறாமல் உட்கார ஆரம்பித்தபின், சைகைக்கு ஒரு விநாடி முன்னால் சொல்லைச் சேருங்கள். ஒரே முறை. “உட்கார், உட்கார், உட்காருடா” என்று நாலு தடவை சொன்னால் நாலாவது சொல்தான் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும்.

தீனி மொத்தம் அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம். அன்றைய உணவிலிருந்தே ஒரு கைப்பிடியை ஒதுக்கிக்கொள்வது இன்னும் நல்லது. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) சேர்த்த எதுவும் நாய்க்கு நஞ்சு.

பழைய செருப்பை விளையாடக் கொடுத்தோம். புதுச் செருப்பையும் கடித்துவிட்டது.

பழசு எது, புதுசு எது என்று அதற்கு எப்படித் தெரியும்? பழைய செருப்பை எடுத்துவிடுங்கள். புதியதை அலமாரிக்குள் வையுங்கள்.

சாப்பிடும்போது தட்டருகே போனால் உறுமுகிறது. தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தால் சரியாகும் என்கிறார்களே?

பிடுங்குகிறீர்கள் என்ற சந்தேகத்தில்தான் உறுமுகிறது. பிடுங்கிக் காட்டினால் சந்தேகம் ஊர்ஜிதமாகும். உறுமலுக்கு அடிக்கவும் வேண்டாம். அது எச்சரிக்கை மணி. மணியை அறுத்துவிட்டால் அடுத்தமுறை சத்தமில்லாமல் கடி விழும்.

குட்டி நிமிராமல், விறைக்காமல் சாப்பிடும் தூரம் எதுவென்று பாருங்கள், எட்டடி என்று வைப்போம். அந்தக் கோட்டில் நடந்துபோகும்போது, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை, வேகவைத்த கோழி மாதிரி, தட்டருகே வீசிவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். வேளைக்கு மூன்று நான்கு தடவை. உங்களைக் கண்டதும் வாலாட்டி நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினால் அரையடி குறைக்கலாம். ஏற்கெனவே கடித்திருந்தாலோ வீட்டில் சிறு குழந்தை இருந்தாலோ தனியே முயலவேண்டாம். நாய் நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

5 மாதக் குட்டி. வீட்டுக்குள் “வா” என்றால் பறந்து வருகிறது. திடலில் அவிழ்த்துவிட்டால் காதே கேட்காதது மாதிரி ஓடுகிறது.

திடலில் எப்போது கூப்பிடுகிறீர்கள் என்று யோசியுங்கள். அநேகமாக வீட்டுக்குப் புறப்படும்போது. வந்தால் கழுத்தில் கயிறு, ஆட்டம் முடிந்தது. இரண்டே நாளில் அது கணக்குப் போட்டுவிடும்.

அவிழ்த்துவிடுவதைச் சில வாரம் நிறுத்துங்கள். 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிற்றை ஹார்னெஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையில்) மாட்டுங்கள். கழுத்துப்பட்டையில் வேண்டாம், ஓடி முட்டினால் கழுத்து நோகும். “வா” கெட்டுப்போன சொல். புதிதாக ஒன்றை எடுங்கள், அல்லது சீட்டி. வீட்டில் சொல், உடனே மிகப் பிடித்த தீனி, ஒரு நாளைக்கு பத்துத் தடவை. பிறகு வாசல், பிறகு ஆளில்லாத தெரு, கடைசியாகத் திடலின் ஓரம். பத்துக்கு எட்டுத் தடவையாவது திரும்பி வந்தால்தான் அடுத்த இடம். கூப்பிட்டபின் அதை நோக்கி நடக்காதீர்கள். பின்பக்கமாக ஓடுங்கள், துரத்திவரும். வந்ததும் தீனி கொடுத்து, கழுத்துப்பட்டையைத் தொட்டு, “போ” என்று திரும்ப விளையாட அனுப்புங்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை இப்படி.

தாமதமாக வந்தாலும் திட்டவேண்டாம். அது கடைசியாகச் செய்த வேலை உங்களிடம் வந்ததுதான். குளிப்பாட்டவோ மாத்திரை போடவோ வேண்டுமென்றால் அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். நீங்களே எழுந்துபோய்த் தூக்கி வாருங்கள்.