சர்டிபிகேட் செடிக்கு, வழக்கு உங்களுக்கு

கேள்வி: பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகவில்லை. ‘ஹெம்ப்’ என்ற தொழிற்சாலைச் சணலைப் போட்டால் விதையும் கொடுத்து விளைச்சலையும் வாங்கிக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். டி.எச்.சி. (கஞ்சாச் செடியில் போதை தரும் பொருள்) 0.3 சதவீதத்துக்கும் குறைவு, போதை கிடையாது, அதனால் சட்டம் தொடாது என்கிறார். நடலாமா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: நடாதீர்கள். போதை குறைவு என்பது உண்மையாகவே இருக்கலாம். சட்டம் தொடாது என்பதுதான் புளுகு.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (என்.டி.பி.எஸ்.) கஞ்சாச் செடி என்றால், கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும்தான்; ஹெம்பும் அதில் அடக்கம். 0.3 என்ற எண் அந்த விளக்கத்தில் எங்குமே இல்லை. பூங்கொத்து இல்லாத இலையும் விதையும் ‘கஞ்சா’ ஆகாது என்று ஒரு வரி உண்டு. விதை விற்பவர்கள் அதைத்தான் படித்துக் காட்டுவார்கள். அது மூட்டையில் இருக்கும் விதைக்குச் சரி, மண்ணில் முளைத்த செடிக்குப் பொருந்தாது. அனுமதியின்றி வளர்த்தால் 20-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘தெரியாமல் நட்டேன்’ என்றால், தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும் (35-ஆம் பிரிவு).

வழியே இல்லையா? இருக்கிறது. நாருக்கும் விதைக்கும் வளர்க்க அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம் என்கிறது 14-ஆம் பிரிவு. 2018-இல் உத்தராகண்ட் அப்படித்தான் உரிமம் தரத் தொடங்கியது. உங்கள் ஆள் சொல்லும் 0.3 அங்கிருந்து வந்த உரிம நிபந்தனை. உரிமம் வாங்கியவருக்கே அந்த எல்லை, வாங்காதவருக்கு 0.1 இருந்தாலும் குற்றம்தான். தமிழ்நாட்டில் அப்படி உரிமம் தரும் திட்டம் இல்லை. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம் மாநில அரசாணையின் எண், தேதி. வேறு மாநில உரிமத்தின் நகலை நீட்டினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடையில் ஹெம்ப் விதை விற்கிறதே என்பார். 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதை, எண்ணெய், மாவு மூன்றையும் உணவாக அனுமதித்தது. தின்னத்தான், விதைக்க அல்ல.

இந்தக் குழப்பத்தில் பாதி பெயரால் வந்தது. பசுந்தாள் உரத்துக்குப் போடும் சணப்புக்கும் ஆங்கிலத்தில் ‘சன் ஹெம்ப்’ என்றுதான் பெயர். அது பயறு வகை, சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூட்டை ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருந்தால் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். தட்டையாக, சிறுநீரக வடிவில், கறுத்துப் பளபளத்தால் சணப்பு. மிளகைவிடச் சிறிதாக, உருண்டையாக, ஓட்டில் கோடும் புள்ளியுமாக இருந்தால் மற்றது. சணப்புக்கு ஒற்றை இலை, மஞ்சள் பூ. பூக்கும் தருணத்தில், 45 முதல் 60 நாளுக்குள் மடக்கி உழ வேண்டும், விட்டால் தண்டு நாராகி மட்காது. உறைபனி விழும் மேட்டில் தேறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மற்றது முளைத்தே விட்டதென்றால் ரகசியமாகப் பிடுங்கி எரிக்காதீர்கள். தன் நிலத்தில் முளைத்ததை உடனே காவல்துறைக்குத் தெரிவிப்பது நிலம் வைத்திருப்பவரின் கடமை என்று 46-ஆம் பிரிவே சொல்கிறது. முதலில் ஒரு வக்கீல், அதே நாளில் காவல் நிலையம். எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.