கூடைப்பந்து அணியின் பருவப் பட்டியலில் ‘72-10’ என்றால் என்ன?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் சிகாகோ புல்ஸ் அணியின் வரலாற்றில் 1995-96க்கு நேரே 72-10 என்றிருக்கும். 72 வெற்றி, 10 தோல்வி. கூட்டினால் 82, ஒரு பருவத்தில் ஓர் அணி வழக்கமாக ஆடும் லீக் ஆட்டங்கள் அத்தனை. டிராவுக்கு எண் கிடையாது. ஆட்டம் சமனானால் ஐந்தைந்து நிமிடமாக நீட்டி முடிவு கண்டுவிடுவார்கள்.

ஆண்டு ஏன் இரண்டு? பருவம் ஆண்டுக் கடைசியில் தொடங்கி அடுத்த ஜூன் வரை போகும். நம்ம சென்னைப் பள்ளிக்கூடங்களின் கல்வியாண்டுக் கணக்குதான். (மார்கழி சீசனும் ஜனவரிக்குள் நுழைகிறதே!)

அதிக வெற்றி பெற்ற அணிக்கே கோப்பை என்று நினைப்பவர்கள் உண்டு. ஐபிஎல் போல இங்கும் கோப்பையை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்று தனி: 2015-16இல் 73-9 எனப் புல்ஸையே மிஞ்சிய கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், இறுதித் தொடரில் கிளீவ்லேண்ட் அணியிடம் 3-4 என்ற ஆட்டக் கணக்கில் தோற்றது.